வெந்நீர் ஊற்றிய பவளம்

"வெள்ளிக்கிழமை வர்றேன்."

அவ்வளவுதான் சொன்னார் நைனா, சத்யாவின் அப்பா. போனை வைத்துவிட்டார்.

ஆரம்பாக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம் சீனிவாசனுடையது. மகள் சத்யா, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்து முரளியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு போனதை அவர் இத்தனை வருஷமாக மன்னிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. தீபாவளிக்குக் கூப்பிடவில்லை. சத்யாவின் அம்மா மட்டும் புருஷனுக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதரை இளக வைத்தது ஒரு போட்டோ. சத்யா தன் போனில் ஸ்டேட்டஸாகப் போட்டிருந்த மீன்தொட்டி.

முரளி மீஞ்சூர்ப் பக்கம், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். வீட்டு ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் மீனும் பவளமும் வளர்ப்பது அவனுக்குப் பிடித்த வேலை. அதற்கென்று விற்கிற உப்பைப் பாக்கெட்டாக வாங்கிவந்து தண்ணீரில் கரைப்பான்.

"கம்பெனில உப்பை எடுக்குறான், ஊட்டுல உப்பைப் போடுறான். எதிர்லயே கடலு கீது" என்று குப்பமே சிரிக்கும். அவன் காதில் வாங்கமாட்டான்.

நீல விளக்கில் அந்தத் தொட்டி அழகாகத்தான் இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோமாளி மீன்கள். கல் முழுக்கச் சட்டைப் பொத்தான் மாதிரி விரிந்திருக்கும் பச்சை, ஊதாப் பவள மொட்டுகள். "அது இன்னா, அவங்க ஊட்டுலயேவா வளக்குறாங்க?" என்று நைனா அம்மாவிடம் கேட்டாராம். மறுபடியும் மறுபடியும் அவள் போனை வாங்கிப் பார்த்தாராம்.

இப்போது வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. சத்யா தொட்டிக்கு எதிரில் போய் நின்றாள்.

போட்டோவில் இருந்த தொட்டி இல்லை அது. போன மாதம் முரளி ஆசைப்பட்டு நிறையப் பவளத்தை ஒரே சமயத்தில் வாங்கி வைத்தான். நடுவில் உப்பு தீர்ந்துபோய் உப்புக்கரிக்கிற ஏரித்தண்ணீரையே மொண்டு ஊற்றினான். அடுத்தடுத்து ஷிப்ட் வந்ததில் சரியாகக் கவனிக்கவும் முடியவில்லை. கல்லெல்லாம் பச்சை முடி முளைத்த மாதிரி பாசி. கண்ணாடியில் காவி நிறத்தில் வழவழப்பு. நடுவிலிருந்த பெரிய கல்லில் மொட்டுகளே தெரியவில்லை. எல்லாம் பாசிக்கு அடியில் சுருங்கிக் கிடந்தன. மூடியைத் திறந்தால் சேற்று வாடை.

"லைட்டைக் கொறைச்சிருக்கேன், தீனியக் கொறைச்சிருக்கேன். வாராவாரம் தண்ணி மாத்தினா பாசி தானா போயிடும். நீ அதுல கைய வெக்காத" என்று முரளி சொல்லிவிட்டு விடியலிலேயே ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தான்.

நீ கைய வெக்காத. அதை எப்போதும் சொல்வான். தனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறான் போல என்று அவளுக்குக் கோபமாக வரும்.

நைனா இதைப் பார்த்தால் என்ன சொல்வார்? ஒன்றும் சொல்லமாட்டார். சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். இதுக்குத்தானா போனே என்று கேட்கிற பார்வை.

அவள் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள்.

*

பின்பக்கக் குளியலறையில், பிளாஸ்டிக் டப்புக்குள் அந்தப் பெரிய கல்லை வைத்துக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள் சத்யா. குப்பென்று ஆவி எழுந்தது. இருமல் வந்தது.

"இன்னா அண்ணி, இந்த நாத்தம் நாறுது?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள் சுபஸ்ரீ. முரளியின் தங்கை. காலேஜில் கடைசி வருஷம். இந்த வீட்டுக்குள் சத்யா காலெடுத்து வைத்த நாளில், மாமியார் முகம் கொடுக்காமல் நின்றபோது, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனவள் அவள்தான்.

"பாசி சுபா. சுடுதண்ணி ஊத்தினா வெந்து போயிடும்ல. நைனா வர்றதுக்குள்ள தேச்சு வெச்சுடலாம்."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுவாரு."

சுபஸ்ரீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிரஷோடு உட்கார்ந்தாள். இரண்டு பேருமாகத் தேய்த்தார்கள். பாசி கற்றை கற்றையாக வந்தது. அதனோடு சேர்ந்து ஏதோ கொழகொழவென்று பிய்ந்து வந்தது. தண்ணீர் ஆற ஆற சத்யா இன்னும் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது.

"ஐயோ, நைனா!" சத்யா எழுந்து கையைத் துடைத்தாள். "சுபா, கொஞ்சம்தான் பாக்கி கீது. தேச்சுட்டு எடுத்தாறியா? கதவைச் சாத்திக்கோ. இந்த நாத்தம் ஹாலுக்கு வந்துடப்போவுது."

சுபஸ்ரீ கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

நைனா மெலிந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை. அம்மாவுக்குக் கால்வலி, வரவில்லை. மாமியார் அங்காளம்மாள் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்கண்ணே" என்றாள். அவள் குரலில் இத்தனை மரியாதையைச் சத்யா கேட்டதில்லை.

நைனாவுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதே சத்யாவின் நாக்கில் என்னவோ கசந்தது. இரும்பை நக்கின மாதிரி. பதற்றத்தில் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சுபஸ்ரீ கல்லைக் கொண்டுவந்து தொட்டியில் இறக்கினாள். பாசி இல்லாமல் வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. சத்யா நீல விளக்கைப் போட்டாள். நைனா தொட்டியருகே போய்க் குனிந்து, முட்டியில் கையூன்றி வெகுநேரம் பார்த்தார்.

"போட்டோல இன்னும் பெருசாத் தெரிஞ்சுது" என்றார். பிறகு, "நல்லாத்தாம்மா கீது" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவும். சத்யா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் எறால் தொக்கு. பக்கத்துத் தெருக் குப்பம்மா காலையில் கொண்டுவந்து கொடுத்த எறால். பழவேற்காடு மார்க்கெட்டில் கூடை வைத்து விற்கிறவள். "சம்பந்தி மொதத் தபா வர்றாரு, பெருசாப் பொறுக்கியாந்தேன்" என்று சொல்லிக் கொடுத்தது. நைனா, எறால் தனக்கு ஒத்துக்காது என்று ரசத்தோடு நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சுபஸ்ரீ மட்டும் சரியாகச் சாப்பிடாமல் தட்டை நகர்த்தினாள்.

"குளுருது அண்ணி" என்றாள்.

வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது.

சிறிது நேரத்தில் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. இருமத் தொடங்கினாள். நிற்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு... மூச்சு உள்ள போவல" என்று கட்டிலில் சரிந்தபோது அங்காளம்மாள் அலறினாள்.

"எறால்தான்" என்றார் நைனா, எழுந்து நின்றபடி. "கெட்டுப்போன எறாலா இருக்கும். எங்க ஊர்ல ஒருத்தனுக்கு இப்படித்தான் ஆச்சு."

அதைக் கேட்டதும் அங்காளம்மாளுக்கு அழுகை கோபமாக மாறிவிட்டது. ஆட்டோவில் மகளைத் தூக்கிப் படுக்க வைக்கும்போது, தெருவே கேட்கும்படி கத்தினாள். "பாவி குப்பம்மா! அழுகிப்போன எறாலைக் குடுத்து எம்பொண்ணக் கொல்லப் பாத்தியேடி! சம்பந்தி எதிர்ல என் மானத்த வாங்கிட்டியேடி!"

தெரு முழுக்கக் கேட்டது. வாசல்களில் தலைகள் தெரிந்தன.

பர்ஸை எடுக்க வீட்டுக்குள் ஓடிய சத்யா, ஹாலில் நின்றாள். தொட்டியில் இரண்டு மீன்களும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தன. நாக்கில் அந்தக் கசப்பு இன்னும் இருந்தது. மீன்கள் எறால் சாப்பிடவில்லை.

அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தெரிந்தும், ஓடிப்போய் ஆட்டோவில் ஏறி, சுபஸ்ரீயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

*

பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சுபஸ்ரீக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். சின்ன வயசு டாக்டர் அம்மா வெளியே வந்தாள்.

"வாந்தி எடுத்தாங்களா?"

"இல்லம்மா" என்றாள் அங்காளம்மாள்.

"வயித்தால போச்சா?"

"இல்ல."

"அப்ப சாப்பாட்டுனால வந்த மாதிரி தெரியல. காய்ச்சல், இருமல், கண்ணு ரெண்டும் சிவந்திருக்கு. எதையோ சுவாசிச்சிருக்காங்கன்னு தோணுது. வீட்ல ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், பூச்சி மருந்து ஏதாவது? புகை, ஆவி?"

"ஒண்ணும் இல்லம்மா. எறாலுதான். எல்லாரும் பாத்தமே."

டாக்டர் சத்யாவைப் பார்த்தாள். "நீங்க வீட்ல இருந்தீங்களா?"

சத்யா வாயைத் திறந்தாள். பக்கத்தில் நைனா நின்றிருந்தார். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் அவளை "அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறார். அவரை அசத்தத்தான் கல்லை அவித்தேன், கதவைச் சாத்திக்கொள் என்று நான்தான் சொன்னேன் என்று அவருக்கு எதிரில் எப்படிச் சொல்வது?

"இருந்தேன் மேடம்" என்றாள். "எதுவும் இல்ல."

டாக்டர் உள்ளே போய்விட்டாள். சத்யாவுக்குத் தன் குரலே காதில் கேட்டது. எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்! இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அதைக்கூட முந்தானைக்குள் அடக்கிக்கொண்டாள். தனக்கும் இருமல் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது.

அப்போதுதான் குப்பம்மா வந்தாள்.

மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள் போல. முட்டிவரை தூக்கிச் செருகிய புடவையை இறக்கிவிடக்கூட இல்லை. உள்ளே வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று, அங்காளம்மாளைப் பார்த்துக் கையைக் கையைப் பிசைந்தாள். செக்யூரிட்டிதான் கதவைத் திறந்துவிட்டார்.

"அக்கா, மெய்யாலுமே காலைல புடிச்ச எறாலுக்கா. ஐஸ் போட்டுதான் வெச்சிருந்தேன். மோந்து பாத்துட்டுதான் குடுத்தேன். எங்க தப்பு ஆச்சுன்னு தெரியலக்கா."

அங்காளம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மீதியெல்லாம் கொட்டிட்டேன். வாங்கினவங்களும் திருப்பிக் குடுத்துட்டாங்க. அது போவட்டும். பொண்ணு எப்படிக் கீது, அத்தச் சொல்லு."

 குப்பம்மா நைனாவிடம் திரும்பினாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மொதத் தபா வந்தீங்க சாமி. எங்க ஊருக்கே என்னால அசிங்கமாப் போச்சு. தப்பா நெனைக்காதீங்க. இந்த ஊர்க்காரங்க எல்லாரும் அப்படிக் கெடையாது."

நைனா வேறு பக்கம் பார்த்தார். கும்பிட்ட கை இறங்கவில்லை. நகத்துக்கடியில் இன்னும் எறால் தோல் ஒட்டியிருந்தது. தான் செய்யாத தப்புக்கு அவள் தலைகுனிந்து நிற்பதைச் சத்யாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்தாள். கால்கள் அவளைக் கேட்காமலே டாக்டரின் அறைக்கு நடந்தன.

"மேடம், நான் பொய் சொன்னேன்."

கதவு திறந்தே இருந்தது. வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அவள் சாத்தவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, பாசி, வெந்நீர், ஆவி. கதவைச் சாத்தச் சொன்னது. மீன்கள் மிதந்தது. தனக்கும் வாய் கசப்பது. போனில் இருந்த போட்டோவைக் காட்டினாள். நைனாவை வரவழைத்த அதே போட்டோ. டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதைத் தன் போனில் படமெடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டுக் கூப்பிட்டுப் பேசினாள். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"இந்த வகைப் பவளத்துல விஷம் இருக்கலாமாம். கடுமையான விஷம். வெந்நீர் ஊத்தினா ஆவியோட கலந்து நுரையீரலுக்குள்ள போயிடும்." போனை வைத்தாள். "இதுக்குன்னு தனியா மாத்து மருந்து இல்ல. மூச்சைப் பாத்துக்கிட்டே இருக்கணும். நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும். சிஸ்டர், இவங்களுக்கும் ஆக்ஸிஜன் அளவு பாருங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை போல இருந்திருக்கும்.

*

முரளி வேலை யூனிஃபார்மோடு ஓடிவந்தான். வராந்தாவில் சத்யா விரலில் கிளிப் மாட்டி உட்கார்ந்திருந்தாள். அங்காளம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். 

"சுபாவுக்கு இன்னாச்சு? எறாலுன்னு சொன்னாங்களே?"

"எறாலு இல்ல" என்றாள் சத்யா. "நான்தான். பாசி புடிச்ச அந்தப் பெரிய கல்லைக் கழுவினேன்..."

"வெந்நீர் ஊத்தினியா?"

சத்யா தலையைத் தூக்கினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சத்யா.

முரளி சுபஸ்ரீ இருந்த அறைப் பக்கம் பார்த்தான்.

"நான் இன்னும் வெந்நீர்னு சொல்லவே இல்லியே. உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "கடைக்காரரு சொன்னாரு" என்றான் மெல்ல. "கையில காயம் இருந்தா தொடக்கூடாது, கிளவுஸ் போட்டுக்கணும், கல்லைக் கொதிக்க வெக்கவே கூடாதுன்னு. வாங்கும்போதே சொன்னாரு."

"எங்க கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா... விஷத்த ஊட்டுக்குள்ள வெச்சிருக்கேன்னு அம்மா தொட்டியோட தூக்கிப் போட்டுருப்பாங்க. அதான் உன்னத் தொடாதன்னு சொல்லிகினே இருந்தேன்ல?"

தொடாதே என்றான். ஏன் என்று சொல்லவில்லை. நைனா வருகிறார், தொட்டி அசிங்கமாக இருக்கிறது என்று அவளும் அவனிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஆசையைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார்கள். மூச்சு முட்டிக் கிடப்பவள் சுபஸ்ரீ.

முரளி பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, தங்கள் வீட்டுக் குளியலறைப் பக்கம் யாரும் போகக்கூடாது, டப்பைத் தொடக்கூடாது என்று சொன்னான். 

சாயங்காலம் டாக்டர் வந்து, மூச்சு கொஞ்சம் சீராகியிருக்கிறது, இரண்டு நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றாள். சத்யாவை உள்ளே விட்டார்கள். மாஸ்குக்குள் சுபஸ்ரீயின் உதடு அசைந்தது. சத்யா குனிந்தாள்.

"உங்க நைனா... தொட்டியப் பாத்துட்டு இன்னா சொன்னாரு?"

 சத்யா அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

*

வெளியே வந்தபோது அங்காளம்மாள் பெஞ்சில் குப்பம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடிக்கப் போனாள். குப்பம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா."

"கோவத்துல கத்திட்டேன்டி..."

"தெருவுல கத்துன. இங்க உள்ள உக்காந்து கையப் புடிக்கிற."

சத்யா அவள் எதிரில் போய் நின்றாள். காலில் விழக் குனிந்தவளைக் குப்பம்மா தோளைப் பிடித்து நிறுத்தினாள். அது அன்பாகப் பிடித்த பிடி இல்லை.

"அதெல்லாம் எனக்கு வேணாம்மா. எனக்கு அந்தக் கூடை ஒண்ணுதான். நாளைக்குக் கூடையை எறக்கி வெச்சேன்னா, இவகிட்ட வாங்காத, ஆளக் கொல்ற எறாலுன்னு சொல்லுவாங்க. ஆஸ்பத்திரில நீ அழுதது அங்க இருக்கறவளுக்குத் தெரியுமா?"

"நான் இன்னா பண்ணணும் சொல்லுங்க."

"காலைல மார்க்கெட்டுக்கு வா. எல்லாரும் இருக்க சொல்ல, என் கூடைகிட்ட நின்னு சொல்லு. இன்னா நடந்துச்சோ அத்தச் சொல்லு."

காலை மார்க்கெட். குப்பமே அங்கே இருக்கும். காதல் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவள் என்று இன்றைக்கும் அவளைத் திரும்பிப் பார்க்கிற பெண்கள் எல்லாரும் இருப்பார்கள். சத்யாவுக்கு உடம்பு கூசியது.

"வர்றேன்" என்றாள்.

அதுவரை தூணருகே நின்றிருந்த நைனா முன்னால் வந்தார். மகளைப் பார்க்கவில்லை. குப்பம்மாவையும் நேராகப் பார்க்க முடியாமல், அவள் காலடியைப் பார்த்துப் பேசினார்.

"எறால்னு மொதல்ல சொன்னது நான்மா. ஒண்ணும் தெரியாம சொன்னேன். நீ என்னைக் கும்பிட்டப்போ நான் மூஞ்சியத் திருப்பிகினேன்." தொண்டையைச் செருமினார். "ராத்திரி இங்கதான் இருப்பேன். காலைல அவகூட நானும் வந்து சொல்றேன்."

 குப்பம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

சத்யா முரளியிடம் திரும்பினாள்.

"நீயும் வர்றியா? நீ தெரிஞ்சும் சொல்லாம வுட்டத நீதான் சொல்லணும்."

முரளி போனை எடுத்துப் பார்த்தான். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

"எனக்குக் காலைல ஷிப்ட் கீதே" என்றான்.

நாளைக்கு அவனுக்கு வார லீவு. சத்யாவுக்கு அது தெரியும். அவன் அம்மாவுக்கும் தெரியும். ரெண்டு நாள் தங்குங்க மாமா, சனிக்கிழமை எனக்கு லீவு, ஏரியெல்லாம் சுத்திக் காட்டுறேன் என்று பிறகு அவனே போன் போட்டுச் சொல்லியிருந்ததால், நைனாவுக்கும் தெரியும்.

மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.